கையொப்பம் யாருடையது?

என்னிலும் மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்க, என்னை இந்தத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டீர்கள். பெருமையாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் உதறலும் எடுக்கிறது. பழியைக் குளிர்மேல் போட்டுவிடலாம்.

கட்டட ஒப்பந்தங்களில் கட்டடக் கலைஞரின் பங்கும் கடமையும் என்பது இந்தக் கருத்தரங்கின் கருப்பொருள். வரைபடம், அளவுப்பட்டியல், விலைமனு, மேற்பார்வை எல்லாம் நீங்கள் அறிந்தவை, கட்டுரையாளர்கள் விரித்துரைப்பார்கள். நான் சான்றிதழை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். செய்த வேலைக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று கையொப்பமிடும் அந்தத் தாள்.

சட்கிளிஃப் எதிர் தக்ரா வழக்கை நாம் அடிக்குறிப்பிலேயே தள்ளிவிடுகிறோம். குறையுள்ள வேலைக்கும் சேர்த்துக் கட்டடக் கலைஞர்கள் சான்றிதழ் கொடுத்தார்கள், ஒப்பந்தகாரர் நொடித்துப்போனார், வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். நடுவர்போல நின்றுதானே கையொப்பமிட்டோம், எங்களைக் கேட்க முடியாது என்ற வாதத்தை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1974இல் ஏற்கவில்லை. இரு தரப்புக்கும் நியாயமாக நட, கவனக்குறைவுக்குப் பதிலும் சொல் என்றது.

இனி என் பழைய வழக்கு. 550 சதுர அடி தோட்ட வீட்டுக்குக் கட்டடக் கலைஞர் எதற்கு, மாதிரி வரைபடம் போதுமே என்று நண்பரொருவர் முன்பொரு கருத்தரங்கில் கேட்டார், கைதட்டலும் வாங்கினார். வரைபடம் போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஏழு பேர்ச்சஸ் நிலம் சரிவில் அல்லவா கிடக்கிறது! மண்ணை வெட்டித் தளம் போட்ட பிறகுதான் பின்பக்கத் தடுப்புச் சுவர் எவ்வளவு உயரம், மழைக்கான் எந்தப் பக்கம் என்பதே தெரியவரும். பட்டியலில் அதற்குக் காசு இல்லையென்றால் பாஸ் சுவரைத் தாழ்த்துவார், நீர் வடியும் துவாரங்களை வைக்காமலே விடுவார். மண் நிரப்பி மூடியபின் யார் கண்டது? மூடுமுன் பார்க்கவும், மேலதிக வேலைக்கு எழுத்தில் உத்தரவு கொடுக்கவும், சரியில்லையென்றால் பில்லை நிறுத்தவும் அதிகாரமுள்ள ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்ததிலிருந்து தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த அனுமதி வெட்டுமுன் கொடுக்கப்படுவது. வெட்டிய நிலத்துக்குப் பொறுப்பு யார்?

2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் தோட்ட மக்களுக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது, எத்தனை வீடு என்பதே பேச்சாயிற்று. நிறுவனமொன்று வேலைகொடுத்து ஒப்பந்தகாரர் கட்டும் வீடு என்றால், ஒப்பந்தம் அந்த இருவருக்கும் இடையிலானது. லயக் காம்பராவிலிருந்து அந்த வீட்டுக்குப் போகிற குடும்பம் அதில் ஒரு தரப்பே அல்ல. கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950களில் கண்டி வட்டபுலுவ வீடமைப்புக்காக, குடியிருக்கப்போகிறவர்களிடமே வினாக்கொத்துக் கொடுத்துக் கேட்டார். நாம் அதை வடிவமைப்புச் சாதனையாகப் பாராட்டிவிட்டு ஒப்பந்தப் பேச்சில் மறந்துவிடுகிறோம். அத்திவாரம் மூடுமுன் நடக்கும் பரிசோதனையில் அந்தக் குடும்பமும் நிற்கட்டும். ஒவ்வொரு சான்றிதழிலும் ஒரு பிரதி அவர்கள் கைக்குப் போகட்டும். இதை ஒப்பந்த நிபந்தனையாகவே எழுத வேண்டும் என்கிறேன்.

முதல் அமர்வில் பேசப்போகிறவர் அந்த நண்பரேதான். மறுப்பை அவர் வாயாலேயே கேட்போம்.