நம்மை விசாரிப்பவர்களை நாமும் விசாரிப்போம்

நேர்காணலுக்கு என்ன சட்டை போடுவது, எப்படிக் கைகுலுக்குவது என்று சொல்லித்தர நிறைய பேர் இருக்கிறார்கள். நான் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: போவதற்கு முன் அந்த நிறுவனத்தைப் பற்றி விசாரிப்பது.

ஆய்வுப் படிப்புக்கு வருவதற்கு முன் நானும் வேலை தேடி அலைந்தவன்தான். ஒரு நேர்காணலுக்கு அந்த நிறுவனம் என்னென்ன தயாரிக்கிறது என்பதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பாடத்தில் இரண்டு கேள்விதான் கேட்டார்கள். பிறகு, "சொந்த ஊர் எது?" சொன்னேன். "ஊருக்குள்ளேயா?" அடுத்து அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. பெயரிலிருந்து நாம் அதை எடுத்துவிட்டோம். அவர்கள் தெருவில் வந்து தேடுகிறார்கள்.

இது என் ஒருவன் கதையல்ல. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் நாளிதழ் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறுவேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயரைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2007இல் வெளிவந்த ஆய்வு அது. அதே ஆண்டு ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். தகுதிதான் முக்கியம் என்றார்கள். குடும்பப் பின்னணியைக் கேட்பதும் முக்கியம் என்றார்கள். இரண்டும் ஒரே வாயில்.

சரி, நாம் எங்கே விசாரிப்பது? முதலில் இயக்குநர் குழுவைப் பாருங்கள். 2010 நிலவரப்படி ஆயிரம் பெரிய நிறுவனங்களை ஆராய்ந்தவர்கள், இயக்குநர்களில் சுமார் 93 விழுக்காடு முன்னேறிய சாதியினர் என்று கண்டார்கள். பங்குச்சந்தையில் உள்ள முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 முதல் 'பிஆர்எஸ்ஆர்' என்ற அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும். யாரும் படிப்பதில்லை, நீங்கள் படியுங்கள். ஆண்டுக்கு எத்தனை விழுக்காட்டினர் வேலையை விட்டுப் போகிறார்கள், பெண்கள் எத்தனை பேர், பாலியல் தொல்லை, பாகுபாடு பற்றி எத்தனை புகார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல்லாயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் பாகுபாட்டுப் புகார் 'பூஜ்யம்' என்றிருந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். புகார் கொடுக்க அங்கே யாருக்காவது தைரியம் இருந்ததா என்று யோசியுங்கள். ஊழியர்களின் சாதி விவரத்துக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

சின்ன நிறுவனமென்றால் வருங்கால வைப்புநிதி இணையதளத்தில் அதன் பெயரைத் தேடுங்கள். எத்தனை பேருக்குப் பணம் கட்டுகிறார்கள் என்று தெரியும். அங்கிருந்து விலகியவர்களிடம் பேசுங்கள். இருப்பவர்கள் பயந்துதான் பேசுவார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்த வேலைக்கே போக வேண்டி வரலாம். வீட்டுக் கடன் எனக்கும் தெரியும். போங்கள், தெரிந்துகொண்டு போங்கள். "பாகுபாட்டுப் புகாரை யார் விசாரிப்பார்கள்?" என்ற கேள்வியை முதல் சுற்றிலேயே கேட்டு வீரம் காட்ட வேண்டாம். பணி ஆணை கைக்கு வந்த பிறகு, மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கும்.

"ஊருக்குள்ளேயா?" என்றவரிடம் அன்று நான், "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சார்" என்று சொல்லிச் சமாளித்தேன். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டே கிடையாது.