அரசியின் நிழல்



ஆகஸ்ட் 22 அன்று அன்னை மரியாவை அரசி என்று திருச்சபை கொண்டாடுகிறது. 1954இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் ஏற்படுத்திய விழா இது. மரியாவிடம் கிரீடமும் இல்லை, படையும் இல்லை. கருவுற்றிருந்த எலிசபெத்துக்குத் துணையாக மலைநாட்டுக்கு விரைந்து போன பெண் அவர். அவரை ஏன் அரசி என்கிறோம்? கிரீடம் சூடிய அரசிகள் சிலரைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

இங்கிலாந்தை 1553 முதல் 1558 வரை ஆண்ட முதலாம் மேரி கத்தோலிக்கர். விசுவாசத்தில் உறுதியானவர். ஆனால் அவர் ஆட்சியில் ஏறக்குறைய 280 சீர்திருத்த சபையார் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். நம் சபையைச் சேர்ந்தவர் என்பதற்காக இதை நாம் மறைக்கக் கூடாது. அவருக்குப் பின் வந்தவர் அவருடைய தங்கை முதலாம் எலிசபெத். 1585இல் வந்த சட்டத்தின்படி, வெளிநாட்டில் திருநிலை பெற்ற கத்தோலிக்கக் குரு அங்கே காலடி வைப்பதே ராஜதுரோகம். மறு ஆண்டு யார்க் நகரில், குருக்களுக்கு அடைக்கலம் தந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட புனித மார்கரெட் கிளித்தரோ என்ற குடும்பத் தலைவி, பாரமான கற்களின் கீழ் நசுக்கிக் கொல்லப்பட்டார். அக்காவும் தங்கையும் வேறு வேறு சபை. இருவர் செய்த தவறும் ஒன்றுதான்: அடுத்தவர் மனச்சாட்சியைச் சட்டத்தால் வளைக்கப் பார்த்தார்கள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். திருவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் மகாலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தத் திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர். அவருடைய மனைவி ராணி மங்கம்மாள். கணவரை இழந்தார். மகனை அம்மைநோய்க்குப் பறிகொடுத்தார். 1689இல் கைக்குழந்தையாக இருந்த பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டில்தான் இலண்டனில் இரண்டாம் மேரி முடிசூடினார். அங்கே அப்போது வந்த சமயச் சகிப்புச் சட்டம்கூடக் கத்தோலிக்கரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

மங்கம்மாளோ கோயில்களுக்குக் கொடை அளித்தார். திருச்சி தர்காவுக்கும் மானியம் தந்தார். இயேசு சபைக் குருக்கள் தம் நாட்டில் பணி செய்ய இடம் கொடுத்தார். 1693இல் புனித அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது சேதுபதியின் சீமையில். அந்தக் காலத்தில் இப்படி ஓர் அரசி இருந்தது சிறிய காரியமா? அவர் போட்ட சாலைகளில் மரங்கள் நின்றன, சத்திரங்கள் இருந்தன. நிழலில் ஒதுங்கியவனிடம் நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று எந்த மரமும் கேட்கவில்லை.

உங்களுள் பெரியவராக விரும்புபவர் தொண்டராக இருக்கட்டும் என்ற கருத்தை ஆண்டவர் மாற்கு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் போதிக்கிறார். நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு ராஜ்யம் உண்டு. ராஜபாளையம் மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் சகோதரிக்கு அந்த ஷிப்டு ஒரு ராஜ்யம். மகளிர் குழுத் தலைவிக்குக் கடன் நோட்டு ஒரு ராஜ்யம். மாமியாருக்கு அடுப்படி ஒரு ராஜ்யம். அங்கே நமக்குக் கீழே இருப்பவர் நிழலை உணர்கிறாரா, கல்லின் பாரத்தை உணர்கிறாரா?

இந்த வாரம் உங்கள் அதிகாரத்துக்குக் கீழே இருக்கும் ஒருவரின் சுமையை இறக்கி வையுங்கள். அவர் வேற்றுச் சமயத்தவராக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த ஆடிப்பூரத்தில் ஆண்டாள் தேர் வரும்போது, வடம் இழுத்துக் களைத்தவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். அதனால் நம் விசுவாசம் குறையாது. அன்னை மரியாவின் பிள்ளைகள் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரியும்.

அரசியாம் அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.