மர வைத்தியம் பார்க்க வெளிநாடு போகலாமா?

(வானொலியில் பண்ணைக் குடும்பத்தாருக்காக ஆற்றிய உரை)



எனக்கு ஊர் செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிற மண்டகப்பட்டு. பாறையைக் குடைந்து செய்த கோயில் ஒன்று எங்க ஊரில் இருக்கிறது. சுமார் 1,400 வருஷத்துக்கு முன்னால் மகேந்திரவர்ம பல்லவன் செய்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலைச் செய்ததாக அங்கே கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார். ராஜா மரமில்லாமல் கோயில் கட்டிவிட்டார். ஆனால் மரமில்லாமல் ஒரு விவசாயி குடும்பம் நடத்த முடியுமா? கொல்லையில் நாலு பனை, வரப்பில் ஒரு வேம்பு, கிணற்றடியில் ஒரு புளி, இதெல்லாம் நமக்குச் சேமிப்புப் பணம் மாதிரி.

இன்றைக்கு மரத்தைப் பற்றிப் பேச வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தம்பி மகன் பனை ஏறுவான், தென்னை ஏறுவான், கிளை கழிப்பான். நல்ல கை வேகம். ஒரு நாள் வந்து, "பெரியப்பா, வெளிநாட்டிலே மரம் கழிக்கிறதுக்கு நம்ம ஊரு சம்பளத்தைப் போலப் பல மடங்கு கொடுக்கறாங்களாம். சொந்தமாகவே தொழில் வைக்கலாமாம். ஏஜெண்டு மூணு லட்சம் கேக்கறார். மல்லாட்டை போடுற கொல்லையை அடமானம் வெச்சிடலாமா?"ன்னு கேட்டான். உங்க வீட்டிலும் இப்படி ஒரு பையன் இருக்கலாம். அவனுக்கு நான் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

கூலி அல்ல, வைத்தியம்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்த வேலைக்கு 'மர அறுவை வைத்தியம்' என்றே பெயர். அதைச் செய்கிறவரைக் கூலியாள் என்று யாரும் சொல்வதில்லை. பல் வைத்தியரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறார்கள். நாலு பேர், ஒரு வண்டி, கயிறு, மிஷின் ரம்பம், கிளையைத் தூளாக்கும் இயந்திரம், இவ்வளவுதான் ஒரு சின்னத் தொழிலின் முதல்.

இந்தத் தொழிலை அமெரிக்காவில் பெரிய அளவில் நிலைநாட்டியவரே பிழைப்புத் தேடி வெளிநாடு போன ஒரு கிராமத்து ஆள்தான் என்பதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீங்க. அவர் பெயர் ஜான் டேவி. 1846-இல் இங்கிலாந்தில் சாமர்செட் என்கிற ஜில்லாவில் பிறந்தார். இருபது வயசு வரைக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அப்புறம் தோட்ட வேலை கற்றுக்கொண்டு, கூடவே எழுத்தும் கற்றுக்கொண்டார். 1873-இல் கப்பலேறி அமெரிக்கா போனார். ஒகையோ மாநிலத்தில் கென்ட் என்ற ஊரில் சுடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கவனிப்பாரில்லாமல் கிடந்த அங்கத்து மரங்களுக்கு ஒவ்வொன்றாக வைத்தியம் பார்த்தார். 1901-இல் 'மர வைத்தியர்' என்று ஒரு புத்தகம் போட்டார். 1909-இல் மகன்களோடு சேர்ந்து கம்பெனியாகப் பதிவு செய்தார். ஆட்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கக் கூடவே ஒரு பள்ளிக்கூடமும் வைத்தார். 1923-இல் அவர் காலமானார். கம்பெனி இன்றைக்கும் நடக்கிறது. 1979 முதல் அதில் வேலை பார்க்கிறவர்களே அதற்குச் சொந்தக்காரர்கள்.

இதில் தம்பிமார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் கப்பலேறினது 1873. கம்பெனி ஆனது 1909. நடுவில் 36 வருஷம். முதலில் தொழில் கற்றார், அப்புறம்தான் கடல் தாண்டினார். போன இடத்திலும் பல வருஷம் அடுத்தவர் மரத்தைப் பார்த்துப் பார்த்தே பேர் வாங்கினார்.

வெட்டத் தெரிவது பாதி

ஒரு கிளையை வெட்ட யாருக்கும் தெரியும். எங்கே வெட்டக்கூடாது என்று தெரிவதற்குத்தான் வெளிநாட்டில் பணம் கொடுக்கிறார்கள்.

அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து, உள்ளே அழுகல் எப்படிப் பரவுகிறது என்று பார்த்தவர். 1977-இல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: நம்ம உடம்பிலே புண் ஆறுகிற மாதிரி மரத்துக்குப் புண் ஆறாது. வெட்டுப்பட்ட இடத்தை மரம் உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிடும். அடைத்த இடத்தை விட்டுவிட்டு, வெளியே புதுசாக வளரும். அந்தச் சுவரை நாம் உடைக்காமல் இருந்தாலே போதும்.

அதுவரை மரத்துப் பொந்தில் சிமென்ட் அடைப்பதும், வெட்டின இடத்தில் தார் பூசுவதும் பெரிய வைத்தியமாக இருந்தன. ஜான் டேவியே பொந்துக்குச் சிமென்ட் அடைத்தவர்தான். இப்போது அதை விட்டுவிட்டார்கள். நம்ம ஊரில் வேப்பமரப் பொந்தில் சிமென்ட் பூசுகிறோமே, அதனால் மரத்துக்கு லாபம் இல்லை. பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யப் போனால் மரம் கட்டின சுவர்தான் உடையும். மா போன்ற பழமரங்களில் பூஞ்சாண நோய்க்குப் போர்டோ பசை தடவச் சொல்வது வேறு விஷயம். அதைத் தோட்டக்கலை அதிகாரி சொல்கிறபடி செய்யுங்கள்.

இப்போது வெட்டும் முறையைச் சொல்கிறேன்.

ஒன்று: கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்காதீங்க. பாரத்தில் கிளை முறியும்போது அடிமரத்துப் பட்டையையும் கிழித்துக்கொண்டு போகும். முதலில் அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, கால்வாசிக் கனத்துக்கு அறுக்க வேண்டும். அடுத்து, அதற்கும் கொஞ்சம் வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். கடைசியில் மிச்சம் நிற்கிற முண்டை எடுக்க வேண்டும்.

இரண்டு: அந்த முண்டை எடுக்கும்போதுதான் கவனம். கிளை அடிமரத்தோடு சேருகிற இடத்தில் கழுத்து மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதற்குள்ளேதான் மரம் தன் சுவரைக் கட்டும். புடைப்பை விட்டு, அதற்குச் சற்று வெளியே அறுங்க. அடிமரத்தோடு வழுவழுப்பாக இழைத்து எடுக்கவும் கூடாது, ஒரு முழம் முண்டு விட்டு வைக்கவும் கூடாது.

மூன்று: மரத்தை மொட்டை அடிக்காதீங்க. ஒரு தடவையில் இலைப்பரப்பில் கால்வாசிக்கு மேல் கழிக்கக் கூடாது. மொட்டை அடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கிற கிளைகள் மேலோடு ஒட்டி நிற்கும். அடுத்த புயலில் அவைதான் முதலில் பிய்ந்து விழும்.

நான்கு: தென்னைக்கும் பனைக்கும் கணக்கே வேறு. அவற்றில் பட்ட காயம் மூடவே மூடாது. ஏறுவதற்கு வசதி என்று தென்னையில் படி வெட்டுகிறோமே, அது சிவப்புக் கூன்வண்டுக்கு நாமே வாசல் திறந்து விடுகிற மாதிரி.

அங்கே தொழில் நடத்துவது எப்படி?

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரம் வீட்டுக்காரருடையதாக இருந்தாலும், ஊராட்சி அதற்குப் பாதுகாப்பு உத்தரவு போட்டிருந்தால், எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் கிளையைத் தொட முடியாது. பழமை காக்கும் பகுதிகளில் ஆறு வாரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். மீறினால் வீட்டுக்காரரோடு வெட்டினவரும் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான். பறவை கூட்டில் இருந்தால் வேலை நிற்கும். பொந்தில் வௌவால் குடியிருந்தாலும் நிற்கும். அதனால் அங்கே சின்னத் தொழில்காரருக்குப் பாதி வேலை மேஜையில்தான். மரத்தைப் போய்ப் பார்த்து, என்ன செய்வோம், எவ்வளவு ஆகும், கழிவை யார் அள்ளுவது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கயிற்றை எடுப்பார்.

ஆளை வேலைக்கு வைத்தால் இன்சூரன்ஸ் கட்டியே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். மிஷின் ரம்பம் பிடிக்கிறவன் பயிற்சி பெற்றவனாக இருக்க வேண்டும். ஒருத்தர் மரத்தில் ஏறினால், கீழே குறைந்தது இன்னொருத்தர் நிற்க வேண்டும். சும்மா கிளை பொறுக்க அல்ல. மேலே இருப்பவருக்கு ஏதாவது ஆனால், உடனே கயிறு கட்டி ஏறி, அவரை இறக்கத் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

நம்ம ஜனங்களுக்குப் பழக்கமான சிங்கப்பூரில், 2005-ஆம் வருஷத்துச் சட்டப்படி, குறிப்பிட்ட பகுதிகளில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. மரங்களை முறை வைத்துப் பரிசோதிக்கிறார்கள். அப்படியும் 2017 பிப்ரவரி 11-ஆம் தேதி, அங்கே தாவரவியல் பூங்காவில் 270 வயசுக்கு மேலான ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். மரத்தைப் பார்த்துச் சொல்கிற கண்ணுக்கு ஏன் அங்கே இத்தனை மதிப்பு என்று இதிலிருந்து தெரியும்.

முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூருக்கு வேலை பர்மிட்டில் போகிறவர் சொந்தத் தொழில் வைக்க முடியாது. எந்த முதலாளியிடம் போனாரோ அவரிடம்தான் வேலை. இங்கிலாந்துக்குச் சுற்றுலா விசாவில் போய் மரம் கழிக்க முடியாது, பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "போனதும் சொந்தக் கடை" என்று எந்த ஏஜெண்டு சொன்னாலும் நம்பாதீங்க. பதிவு பெற்ற முகவரா என்று விசாரியுங்கள். கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். சென்னையில் அரசாங்கத்தின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அங்கே ஒரு வார்த்தை கேட்காமல் நிலப் பத்திரத்தை வெளியே எடுக்காதீங்க.

நம்ம ஊரில் என்ன நடக்கிறது?

2024 நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. நாலாம் நாள் எனக்குத் தெரிந்த ஒருவர், பாதி முறிந்து தொங்கிய புளியங்கிளையை வெட்ட ஏறினார். இடுப்பில் கயிறு இல்லை, கீழே ஆள் இல்லை. வளைந்து நிற்கிற கிளை வில்லு மாதிரி. வெட்டினதும் அது திருப்பி அடித்தது. இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாசம் படுக்கை. மரத்துக்காரர் அன்றைய கூலியைக் கொடுத்தார். அதற்கு மேல் கேட்க ஒரு எழுத்தும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. அவர் சம்சாரம் மல்லாட்டை ஆயப் போய்த்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா டெல்டாவின் தென்னையைச் சாய்த்தது. இனியும் புயல் வரும். ஆகவே இந்தத் தொழிலுக்கு நம்ம ஊரிலேயே வேலை உண்டு. அதைக் கூலியாகச் செய்யாமல் தொழிலாகச் செய்ய வேண்டும்.

எப்படி? இரண்டு மூன்று பேர் சேர்ந்து கொள்ளுங்கள். தலைக்கவசம், இடுப்புப் பட்டை, நல்ல கயிறு வாங்குங்கள். தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் பயிற்சியும் விபத்து இன்சூரன்ஸும் வைத்திருக்கிறது, விசாரியுங்கள். ஏறும் முன் மரத்தைச் சுற்றி வந்து தேன்கூடு, பாம்பு, காய்ந்த கிளை, அடியில் முளைத்த காளான் எல்லாம் பாருங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தாரை வைத்து லைனை நிறுத்தாமல் கை வைக்காதீங்க. சாலையோர மரம் நம்முடையது அல்ல. பனையை வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்திருக்கிறது. கூலி பேசும்போதே, அடிபட்டால் யார் பொறுப்பு என்பதையும் பேசி ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மரத்துக்காரர்களுக்கும் சொல்கிறேன்: நூறு ரூபாய் குறைவு என்று கயிறில்லாத ஆளை ஏற்றாதீங்க. விழுந்தால் அந்தப் பாவம் நம்ம வாசலில்தான் நிற்கும்.

என் தம்பி மகன் கொல்லையை அடமானம் வைக்கவில்லை. கூட்டாளி ஒருத்தனைச் சேர்த்துக்கொண்டு, பட்டையும் கயிறும் வாங்கி, சுத்துப்பட்டு ஊர்களில் இரண்டு பேருமாக வேலை பார்க்கிறான். போன மாசம் எங்க கிணற்றடிப் புளியில் ஒரு கிளை எடுத்தான். கழுத்துப் புடைப்பை விட்டுத்தான் அறுத்திருந்தான். இப்போது வெட்டுவாயைச் சுற்றிப் பட்டை உருண்டு வருகிறது. "பெரியப்பா, இன்னும் வெளிநாடு போற எண்ணம் இருக்குது"ன்னு சொல்றான். போகட்டும். ஆனால் கடன் தூக்கிக்கொண்டு போகாமல், தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.