பாக்கெட்டு மேலே அவங்க பேர், உள்ளே நம்ம பருப்பு

(விவசாயிகள் சங்க ஊர்க்கூட்டங்களில் பேசப்பட்ட உரை)



பகலெல்லாம் காட்டு வேலை பார்த்துட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வர்றோம். பெரிய பெரிய கடைக்காரர்கள் இப்போது அடுத்த கம்பெனி சரக்கை விற்பதோடு நிற்கவில்லை. துவரம்பருப்பு, உளுந்து, அரிசி, ஆட்டா, சமையல் எண்ணெய் என்று நம் வீட்டு அடுப்படிச் சாமான் அத்தனையையும் தங்கள் சொந்தப் பேர் போட்ட பாக்கெட்டில் விற்கிறார்கள். "அது டவுன்காரங்க சமாச்சாரம், நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது. அந்தப் பாக்கெட்டுக்குள்ள இருக்கிறது நம்ம வெள்ளாமை.

என்ன நடந்தது?

2006-ல் ஐதராபாத்தில் ரிலையன்ஸ் பிரெஷ் முதல் கடையைத் திறந்தது. அடுத்த வருஷமே ராஞ்சி போன்ற ஊர்களில் காய்கறி வியாபாரிகள் தெருவில் இறங்கினார்கள். 2007 ஆகஸ்டில் உத்தரப்பிரதேச அரசு அந்தக் கடைகளை மூடச் சொன்னது. அன்றைக்குப் பேச்செல்லாம் கடையைப் பற்றி. இன்றைக்குப் பேச வேண்டியது பாக்கெட்டைப் பற்றி.

2022 டிசம்பரில் அதே குழுமம் குஜராத்தில் 'இண்டிபென்டன்ஸ்' என்ற பேரில் பருப்பு, தானியம், எண்ணெய், பாக்கெட் உணவு வகைகளை இறக்கியது. அடுத்து வட மாநிலங்களுக்குக் கொண்டுபோனது. 2023-ல் மெட்ரோ கேஷ் அண்ட் கேரி என்ற மொத்த விற்பனைக் கடைகளை 2,850 கோடி ரூபாய்க்கு வாங்கி முடித்தது. 2025 மார்ச்சில் அவர்களுடைய கடைகள் எல்லாம் சேர்த்து 19,000-க்கு மேல். மொத்த விற்பனையும் கையில் இருந்தால், அந்தப் பாக்கெட்டு அவங்க கடையோட நிக்காது. நம்ம ஊர் அண்ணாச்சி கடை அலமாரிக்கும் வரும். இவர்கள் மட்டுமல்ல, டாடா குழுமத்தின் பிக் பாஸ்கெட்டும் சொந்தப் பேரில் அரிசி, பருப்பு விற்கிறது.

விக்குமா, விக்காதா?

விக்கும். ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பேர் சரக்குக்குக் கடைக்காரர் விளம்பரச் செலவு அதிகம் செய்ய வேண்டியதில்லை. ஆலை வைக்க வேண்டியதில்லை. யாரோ ஒரு ஆலையில் உடைத்த பருப்பை வாங்கி, தன் பேரை ஒட்டி, கண்ணுக்கு நேரா உள்ள தட்டில் அடுக்கினால் போதும். மற்ற கம்பெனி பாக்கெட்டைவிட விலை குறைவு. ஆனாலும் லாபம் கூடுதல். அமெரிக்காவில் வால்மார்ட் 1993 முதல் 'கிரேட் வேல்யூ' என்ற பேரில் இப்படித்தான் விற்கிறது. ஐரோப்பாவில் பல நாடுகளில் மளிகை விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடைக்காரர் பேர் போட்ட சரக்குதான்.

நம் நாட்டு வரிச் சட்டமும் இதற்கு உதவியது. பதிவு பெற்ற பிராண்டுக்கு மட்டும் இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி.யை, 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரைக்கும் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு எல்லாவற்றுக்கும் போட்டார்கள். உள்ளூர் ஆலைக்காரர் போட்ட சின்னப் பாக்கெட்டுக்கும் பெரிய கம்பெனி பாக்கெட்டுக்கும் ஒரே வரி. சின்னவனுக்கு இருந்த ஒரே அனுகூலமும் போச்சு.

ஆனால் பெரிய கடை என்றால் விழாது என்று நினைக்காதீர்கள். பிக் பஜார் 2001-ல் தொடங்கியது. அந்தக் குழுமம் 'கோல்டன் ஹார்வெஸ்ட்' என்று பருப்பு, அரிசியைத் தன் பேரில் விற்றது. கடன் முற்றி, 2022-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. திவால் சட்டப்படி ஈடு வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகளுக்குப் பின்னால்தான் சரக்குக் கொடுத்தவன் வரிசையில் நிற்க வேண்டும். ஆக, அந்தக் கடை ஓஹோன்னு ஓடினாலும் சரி, கவிழ்ந்தாலும் சரி, நாம பத்திரமா இருக்கோமாங்கிறதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பாருங்க!

துவரைக்கு 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,000 ரூபாய். கிலோ 80 ரூபாய். நூறு கிலோ துவரையை உடைத்தால் 70 முதல் 75 கிலோ பருப்பு தேறும். 72 கிலோ என்று வைத்தால், ஒரு கிலோ பருப்புக்கு அடக்கம் 111 ரூபாய். பொட்டு, குருணை விற்ற காசை ஆலைக் கூலிக்குத் தள்ளிவிடுங்கள். இதுக்கு மேலே சாக்கு, லாரி வாடகை, பாக்கெட்டு, வரி, கடைக்காரர் லாபம். இத்தனையும் சேர்ந்த பிறகும் பாக்கெட் விலை 111-ஐ ஒட்டியே இருந்தால் என்ன அர்த்தம்? எங்கேயோ ஒரு விவசாயிக்கு 80 ரூபாய் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். மலிவு வானத்திலிருந்து விழாது; யாரோ ஒருத்தர் மடியிலிருந்துதான் வரும்.

2024 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி ஆய்வுக் கட்டுரைகளின்படி, வாங்குபவர் தரும் ஒரு ரூபாயில் தக்காளிக்காரருக்குப் போவது சுமார் 33 காசு. துவரைக்காரருக்குச் சுமார் 65 காசு. தக்காளி அழுகும், துவரை தாங்கும். வைத்திருந்து விற்கலாம் என்பதால் அந்த வித்தியாசம். வாங்குவதற்கு ஒரே ஆள்தான் என்று ஆகிவிட்டால் அந்த 65 காசும் நிலைக்காது.

நமக்கு எங்கே அடி விழும்?

ஒன்று, தரம் என்ற பேரில். கொள்முதல் மையத்துக்குக் கொண்டுபோன சரக்கில், "ஈரம் கூட, கல் கூட, சைஸ் பத்தலை" என்று பாதியைத் தள்ளுவதை நாம் பார்த்துவிட்டோம். தள்ளியதைத் திருப்பி ஏத்திவர வாடகை நம்ம தலையில்.

இரண்டு, பணம். சரக்கு இன்றைக்குப் போகும். காசு எப்போ வரும் என்று எழுத்தில் இருக்காது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர 2006-லேயே சட்டம் வந்தது. காட்டுல விளைய வச்சவனுக்கு?

மூன்று, இறக்குமதி. லேபிளில் கடைக்காரர் பேர்தான் பெரிசா இருக்கும். உள்ளே இருப்பது கிருஷ்ணகிரி துவரையா, மியான்மர், மொசாம்பிக் துவரையா என்று வாங்குபவருக்குத் தெரியாது. 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணியை வரியில்லாமல் இறக்கக் கதவைத் திறந்தார்கள். இங்கே நாம் விலை கேட்டால், கப்பலைக் காட்டி நம் வாயை அடைப்பார்கள்.

வேறு நாட்டில் கேட்பார் இருக்கிறார்கள். பெரிய கடைகளுக்கும் சரக்குக் கொடுப்பவர்களுக்கும் நடுவே நியாயம் பார்க்க பிரிட்டன் 2013-ல் தனி அதிகாரியை வைத்தது. அழுகும் பொருளுக்கு 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் விதி போட்டது. அங்கே முடியும், இங்கே முடியாதா?

நாம் கேட்பது

1. ஆதரவு விலைக்குக் கீழே யார் வாங்கினாலும் குற்றம் என்று சட்டம் வேண்டும். சாமிநாதன் ஆணையம் சொன்னபடி, செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்து அந்த விலையை நிர்ணயிக்க வேண்டும்.
2. பருப்பு, எண்ணெய்ப் பாக்கெட்டில் விளைந்த நாட்டின் பேரைப் பெரிய எழுத்தில் போட வேண்டும்.
3. ஒப்பந்தம் தமிழில், எழுத்தில். எடை போட்ட இடத்திலேயே ரசீது. 15 நாளுக்குள் வங்கிக் கணக்கில் பணம்.
4. சரக்கைத் தள்ளினால் காரணம் எழுத்தில் வேண்டும். திருப்பி அனுப்பும் வாடகை வாங்குபவர் பொறுப்பு.
5. ஒவ்வொரு வட்டாரத்திலும் உலர்களம், கிட்டங்கி, பருப்பு உடைக்கும் ஆலை. உழவர் குழுக்களின் பொறுப்பில்.

நாம் செய்ய வேண்டியது

பாக்கெட்டுக்கு நாம் விரோதி இல்லை. 1946-ல் கெய்ரா மாவட்டப் பால்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்ததுதான் பின்னாளில் அமுல் ஆனது. அந்தப் பாக்கெட்டு மேலேயும் பேர் இருக்கு. அது பால் ஊற்றுபவர்களுக்குச் சொந்தமான பேர். அதுபோல நாமும் சேர வேண்டும்.

தனித்தனியா மூட்டையைத் தூக்கிட்டுப் போகாதீங்க. பத்துப் பேர் சேர்ந்து போங்க. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அன்றைய விலையைக் கேட்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். துண்டுச் சீட்டானாலும் பத்திரப்படுத்துங்கள். அதுதான் நாளைக்கு நமக்குச் சாட்சி. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேர் இந்த ஐந்து கோரிக்கையோடு மனு கொண்டு வாருங்கள். மனுவுக்குப் பதில் வரவில்லையா? அதே அலுவலக வாசலில் ஆயிரம் பேராக உட்காருவோம்!

மூன்று வேளாண் சட்டங்களை 2021 நவம்பரில் திரும்பப் பெற வைத்தது, ஒரு வருஷம் டெல்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்த விவசாயிதான். அதை மறக்க வேண்டாம்.

விதைத்தவனே விலை சொல்வோம்!
ஒன்றுபடுவோம்! உரிமை கேட்போம்!