மேப்பில் நின்னுபோன புள்ளி

ஹாம் லைசென்ஸ் வெச்சிருக்கிற என் நண்பன் பைக்கில் ஏலகிரி கிளம்பினான். மேப்பில் அவன் புள்ளி வேலூர் தாண்டினதும் நின்னுபோச்சு. ரெண்டு மணி நேரம். போனும் போகலை. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. கடைசியில் பார்த்தா, அவன் ரேடியோ ஒழுங்கா அனுப்பிட்டுதான் இருந்திருக்கு. கேட்கத்தான் ஆளில்லை.

ஏபிஆர்எஸ் இப்படித்தான். அமெரிக்காவின் பாப் புருனிங்கா உருவாக்கிய முறை. ரேடியோ தன் இருப்பிடத்தைச் சின்ன டேட்டா பாக்கெட்டாக வானலையில் வீசும். அது யாருக்காவது கிடைச்சுதான்னு அதுக்கே தெரியாது. பக்கத்தில் ‘ஐகேட்’ என்கிற நிலையம் இருந்தால், பிடித்து இன்டர்நெட்டில் ஏற்றும். மேப்பில் புள்ளி விழும். இல்லைன்னா காற்றோடு போச்சு. செல்போன் டவர் மாதிரி இதைக் கம்பெனி வந்து வைக்காது. நம்மள மாதிரி ஆட்கள் வெச்சாதான் உண்டு.

நானும் லைசென்ஸ் உள்ளவன்தானே? ஜோலார்பேட்டையில் பாட்டி வீட்டு மொட்டை மாடியில் ஒன்று வெச்சேன். ராஸ்பெரி பை, ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள், ஓர் ஆன்டெனா, அவ்வளவுதான். முதல் வாரம் ஒரு பாக்கெட்கூட வரலை. ஆன்டெனா தண்ணி டேங்குக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தது, என் புத்தி அப்படி.

இடம் மாத்தின பிறகு அவன் திரும்பவும் மலை ஏறினான். 14 கொண்டை ஊசி வளைவு. புள்ளி ஏறுது, ஏறுது, நடுவில் கொஞ்ச தூரம் காணோம், அப்புறம் மேலே வந்து நின்னுச்சு. அந்த இடைவெளிக்கு மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு மொட்டை மாடி வேணும். யாராவது இருக்கீங்களா?