அடுப்படிக்கு யார் போவது?



பூமிக்குக் கேடில்லாத சாப்பாட்டைப் பற்றி இந்த வாசகர் வட்டத்தில் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் சிறுதானியத்தின் பெருமையை மிச்சம் வைக்காமல் சொல்லிவிட்டார்கள். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதையொட்டிச் சாமையும் குதிரைவாலியும் பளபளக்கும் பொட்டலத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டன. நல்லதுதான். மானாவாரியில் விளைகிற பயிர்கள் அவை. நெல்வயலில் தண்ணீர் தேங்குவதால் மீத்தேன் கிளம்புகிற தொல்லை அவற்றுக்குக் கிடையாது. ஆனால் இன்று நான் உங்களைக் கடைக்குக் கூட்டிப் போவதாக இல்லை. வீட்டு அடுப்படிக்கு வாருங்கள்.

அங்கே முதலில் குப்பைக்கூடையைப் பார்ப்போம். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் உலகம் வீணடித்த உணவு 105 கோடி டன். அதில் சுமார் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. கல்யாணப் பந்தியில் மிஞ்சுவதைப் பார்த்து நாம் எல்லோரும் வயிறெரிகிறோம். நம் வீட்டு ஃபிரிட்ஜின் பின்தட்டில் நாலு நாளாய்க் கிடக்கிற கிண்ணத்தைப் பார்த்து யாருக்கும் எரிவதில்லை.

பீர்க்கங்காய் வாங்குகிறோம். தோலைச் சீவி எறிந்துவிட்டுச் சதையைக் கூட்டு வைக்கிறோம். அந்தத் தோலை எடுத்து வையுங்கள். முதலில் நரம்பின் கூர்முனையை மட்டும் கத்தியால் வழித்துவிட வேண்டும். அதை விட்டால் தொண்டையில் குத்தும். அப்புறம் தோலைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் நல்லெண்ணெயில் பச்சை வாசனை போகிறவரை வதக்க வேண்டும். உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம், சுண்டைக்காய் அளவு புளி ஆகியவற்றைத் தனியே வறுத்துச் சேர்த்து, கொரகொரப்பாக அரைத்தால் துவையல். சுடுசோறு, மேலே ஒரு கரண்டி எண்ணெய். காய் முற்றியிருந்தால் மட்டும் இதற்கு இறங்காதீர்கள். எவ்வளவு அரைத்தாலும் நாராகத்தான் வரும். முள்ளங்கியின் இலை, வாழைத்தண்டு, தர்பூசணித் தோலை ஒட்டிய வெள்ளைப் பகுதி என்று இந்த வரிசை நீளும். இதற்கெல்லாம் தனிக்கடை வேண்டாம். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு சேதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனப்பெருக்கம் செய்ய விட்டுவைத்திருக்கும் காலம். அந்த நேரத்தில் 'வஞ்சிரம் ஏன் இந்த விலை?' என்று மீன்காரம்மாவிடம் சண்டை போடுகிறோம். அதே கூடையில் நாட்டுப்படகில் வந்த மத்தி இருக்கும், நெத்திலி இருக்கும்; முள் அதிகம் என்று தள்ளிவிடுவோம். வஞ்சிரம் சின்ன மீனைத் தின்று வளர்கிற மீன். மத்தி மிதவை உயிரிகளைத் தின்று சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பெருகும். கடலுக்கு எது பாரம் குறைவு என்பதற்கு விளக்கம் இதற்குமேல் தேவையில்லை. அதற்காக மத்தியை வரம்பில்லாமல் வாரலாம் என்று நான் சொன்னதாக யாரும் எழுதிவிட வேண்டாம். மண்சட்டியில் மத்திக் குழம்பு வைத்து மறுநாள் காலையில் சாப்பிட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். ருசியைப் பற்றி நான் பேச வேண்டியதில்லை.

இப்போது மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 'பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவோம்' என்று மேடைதோறும் முழங்குகிறோம். பழைய சாப்பாட்டை யார் சமைத்தார்கள்? வரகின் உமி லேசில் போகாது. உரலில் போட்டுக் குத்து, புடை, மறுபடி குத்து. பொழுது விடியுமுன் அதைச் செய்தவள் நம் பாட்டி. பிறகு குத்த வேண்டாத அரிசி ரேஷனில் வந்தது; 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்குக் கிடைத்தது. 2011-இல் அதுவும் விலையில்லா அரிசியானது. சிறுதானியம் சட்டியை விட்டு இறங்கியதற்கு நம் மறதியும் நாகரிக மோகமும்தான் காரணம் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தத்தில் பங்கில்லை. உலக்கையைக் கீழே வைத்த கை கொஞ்சம் ஓய்ந்தது. 1955-இல் கோயம்புத்தூர் சபாபதி மாவரைக்கும் கிரைண்டரைச் செய்தாரே, அந்த மனிதருக்குச் சிலை வைத்தால் மாலையோடு முதலில் போய் நிற்பவன் நான்.

ஆனால் அந்தக் கை முழுதாக ஓய்ந்துவிடவில்லை. மத்திய அரசு 2019-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. சமையல், துவைத்தல், பெருக்குதல் போன்ற சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டதாக அது காட்டியது. ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அந்த வேலையையே தொட்டார்கள். தொட்டவர்களும் 97 நிமிடத்தில் எழுந்துவிட்டார்கள்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, தோலைத் துவையலாக்கு, மத்திக்கு முள் எடு, வரகை ஊறப் போடு என்று நாம் யாருக்கு உபதேசம் செய்கிறோம்? வேலைக்கும் போய்விட்டு வந்து, பேருந்தில் நின்றபடியே ராத்திரிச் சாப்பாட்டை யோசிக்கிற ஒருத்திக்கு. அவள் பொட்டல மாவு வாங்கினால் அது குற்றமா? அவள்மேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அளந்து அரிசி போட, மிஞ்சியதை மறுநாளைக்கு மாற்ற, காயைப் பார்த்து வாங்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை வீட்டிலுள்ள மற்றவர்கள்தான் கொடுக்க முடியும்.

ஆகவே வட்டத்தின் செயலாளரிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஞாயிறுதோறும் காலையில் இந்த மண்டபம் சும்மாதான் கிடக்கிறது. ஆண்களுக்கும் பதின்வயதுப் பையன்களுக்கும் இங்கே ஒரு சமையல் பழகும் வகுப்புத் தொடங்குவோம். முதல் பாடம் அரிசி அளப்பது. நாலு பேருக்கு எத்தனை ஆழாக்கு என்று தெரியாதவர்கள் இந்த முன்வரிசையிலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன். இரண்டாவது பாடம் பீர்க்கங்காய்த் தோல். மூன்றாவது, மீன் ஆய்வது. கேஸ் செலவுக்கு வட்டத்தின் நிதியிலிருந்து கொடுத்தால் போதும், காய்கறியை அவரவர் கொண்டு வரட்டும். பாத்திரம் கழுவுவதும் பாடத்தில் சேர்த்திதான். அதற்கு வீட்டிலிருந்து யாரையும் அழைத்து வரக்கூடாது. சேர விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். என் பெயரை வரும்போதே எழுதிவிட்டேன்.