பெட்டியில் கிடந்த பத்திரம்



சட்டம் என்றவுடன் கொலை வழக்கும் குறுக்கு விசாரணையும் உங்கள் நினைவுக்கு வரலாம். வழக்கறிஞனாகிய என்னிடம் வருவோரில் பெரும்பாலோர் வீடு வைத்திருப்பவர்களும் சிறு கடை நடத்துபவர்களுமே. மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளை அவர்கள் கொண்டுவருவார்கள். அத்தகைய தாள் ஒன்றைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன்.

2014ஆம் ஆண்டில் ஒரு தையற்காரர் என்னைத் தேடி வந்தார். எங்கள் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்து வந்தவர். வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஐந்தாண்டுகளுக்கு அறையைத் தருவதாக முத்திரைத் தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டிருந்தனர். அதை நம்பித் தையற்காரர் கடன் வாங்கி இரும்புச் சுருள்கதவு பொருத்தினார். இரண்டாம் ஆண்டின் முடிவில் வீட்டுக்காரர் காலமானார். பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். பதினைந்து நாட்களில் அறையைக் காலி செய்யுமாறு, வாங்கியவரிடமிருந்து அறிவிப்பு வந்தது.

"ஐந்து வருஷம் என்று எழுதியிருக்கிறதே, ஐயா" என்று தாளை நீட்டினார். எழுதியிருந்தது உண்மை. ஆனால் பதிவு செய்யப்படவில்லை.

ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்குக் கட்டிடத்தை வாடகைக்கு விடுவதாயின், பதிவு செய்த பத்திரத்தின் மூலமே விட வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். பதிய வேண்டியதைப் பதியாமல் விட்டால், அதிலுள்ள நிபந்தனைகளுக்குச் சான்றாக அதை ஏற்க 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இடம் தராது. அத்தாள் முற்றிலும் வீண் என்று சொல்வதற்கில்லை. அவர் அத்துமீறிப் புகுந்தவரல்லர், வாடகைதாரர் என்று காட்ட உதவும். ஐந்தாண்டு என்ற சொல் மட்டும் நீதிபதியின் கண்ணுக்குத் தெரியாது. அப்பொழுது எஞ்சுவது மாத வாடகை. அதை முடிக்கப் பதினைந்து நாள் அறிவிப்பே போதும். நகரமாயின் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்நாளில் கைகொடுத்திருக்கும். அவ்வூருக்கு அது எட்டவில்லை. அச்சட்டமும் இன்று இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்பகுதிகளில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி, பதினொரு மாத வாடகையாயினும் ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும்.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. கையொப்பமான நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் கொண்டு செல்லலாம். அந்த நான்கு மாதமும் அது அவருடைய பெட்டியில், அளவு நாடாவுக்கு அடியில் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "செலவுதான், ஐயா. அதோடு, அவ்வளவு நல்ல மனுஷரிடம் போய்ப் பதிவு வேண்டும் என்று எப்படிக் கேட்பது?" என்றார். என் தொழிலில் இந்த இரண்டாவது காரணத்தையே நான் மிகுதியும் கேட்டிருக்கிறேன்.

வீட்டை வாங்கியவரும் கவனமாக நடந்தவரல்லர். விலைக்கு வரும் வீட்டில் வேறொருவர் இருந்தால், அவருக்குள்ள உரிமையை வாங்குபவர் அறிந்தே வாங்கியதாகச் சட்டம் கொள்ளும். பத்திரம் பதிவாகியிருந்தால் எஞ்சிய மூன்றாண்டுகளுக்கும் அவர் கட்டுப்பட்டிருப்பார். வழக்குக்கு ஆகும் காலத்தையும் செலவையும் எடுத்துச் சொன்னேன். ஆறு மாதத் தவணைக்கு இசைந்தார். சுருள்கதவைப் பற்றித் தகராறு எழவில்லை. தாம் பொருத்தியதை, இடத்தில் இருக்கும்போதே கழற்றி, இடத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்க வாடகைதாரருக்கு உரிமை உண்டு.

எதிர்த் தெருவில் அவருக்கு வேறு இடம் கிடைத்தது. இம்முறை மூன்றாண்டுப் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத் தாழ்வாரத்தில், ஒன்பதாம் வகுப்பில் படித்துவந்த அவருடைய மகள் அதை உரக்கப் படித்தாள். சொத்து விவரத்துக்கு வந்தபோது நிறுத்தி, "அப்பா, டீக்கடை நமக்குக் கிழக்கேதானே? மேற்கு என்று போட்டிருக்கிறதே" என்றாள். நான் இருமுறை படித்தும் என் கண்ணில் படாத பிழை அது. திருத்தி எழுதிக்கொண்டு போய் மறுநாள் பதிந்தோம்.